போர்க்லிஃப்ட் அண்ணனின் கேழ்வரகு மாவு

கெடா மாநிலத்தில் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் எல்லாரும் கூடி ஒரே ஒரு ஆளை நாடுகடத்தலாம் என்று முடிவெடுத்திருந்தால், நான் முதல் ஆளாக ஓடிப்போய் போர்க்லிஃப்ட் அண்ணன் பெயரை எழுதிக் கொடுத்திருப்பேன்.

எங்கள் ஊரான பாக்கார் ஆராங்கில் அவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியதால் வரிசை வீடு மொத்தமும் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவருக்கு இரவு வேலை, மனைவிக்குப் பகல் வேலை. ஆகவே எட்டு மாத மகளுக்கு ஊட்டுவது அவர் பொறுப்பு. மனிதர் அதையும் ஒரு தொழிற்சாலையாகவே நடத்தினார். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முளைகட்டி, தட்டில் பரப்பித் தன் பழைய காரின், எங்கள் பேச்சில் காடியின், கூரைமேல் காயவைப்பார். வறுத்து, அரைத்து, மூன்று முறை சலிப்பார். போத்தலில் தேதியும் லாட் நம்பரும் எழுதி ஒட்டுவார். புதிதாக எது கொடுத்தாலும் மூன்று நாள் அதை மட்டும் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. உப்பு, சீனி, தேன் மூன்றுக்கும் அந்த வீட்டில் ஒரு வயசு வரை தடை. அந்தப் பெண்ணின் கன்னம் இரண்டும் இட்லி மாதிரி உப்பிக் கிடக்கும்.

என் மகன் கவினுக்கு அப்போது ஏழு மாதம். என் கையில் கரண்டியைக் கண்டாலே வாயைப் பூட்டிக்கொள்வான். போன மாத எடையிலேயே நிற்கிறான் என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி முகத்தைச் சுளித்தாள். வீட்டுக்கு வந்து இறங்கினால் எதிர்வீட்டு இட்லிக் கன்னம் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருக்கிறது. என் வயிறு பற்றி எரிந்தது.

போதாததற்கு அண்ணன் கேட்டருகே வந்து என் கஞ்சியையும் சோதித்தார். கரண்டியைச் சாய்த்து, மனசுக்குள் இரண்டு எண்ணிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“கட்டி இருக்கு தங்கச்சி. ரிஜெக்ட் லா.”

இருக்கட்டும், இவரால் முடிந்தது என்னால் முடியாதா? நானும் கேழ்வரகு முளைகட்டினேன். எங்கள் காடியின் கூரையில் துண்டு விரித்துப் பரப்பிவிட்டு உள்ளே போனேன். என் கணவர் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று பறந்து வந்தார், ஏறினார், போயே போய்விட்டார். ஜாலான் நெடுக, ரோடு முழுக்க என் கேழ்வரகு. மைனாக்களுக்கு அன்று கல்யாணச் சாப்பாடு. துண்டு மட்டும் லூனாஸ் டவுன் வரை போய்ச் சேர்ந்தது.

அண்ணன் எல்லாவற்றையும் பார்த்தார். பாவம், சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தன் மாவில் கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தார். என் இடுப்பிலிருந்த கவின் முன்னால் கரண்டியை மேலே தூக்கி, கீழே இறக்கி, “பீப் பீப்” என்று பின்னால் வாங்கினார். சண்டாளன் வாயைத் திறந்தான்! கிண்ணம் காலி.

பெற்றவள் நான், பீப் பீப் என்கிறவருக்கு வாயைத் திறக்கிறானே என்று அறைக்குள் போய் அழுதேன். அதன்பிறகு தினமும் பதினொரு மணிக்கு இதே கூத்து. எடை ஏறியது. மிஸ்ஸி என்னைப் பாராட்டியபோது இன்னும் வலித்தது. ஒருநாள் அடக்க முடியாமல் கேட்டில் நின்று சொல்லிவிட்டேன்.

“அண்ணே, அவன் என் கையால ஒரு வாய் வாங்கல. எனக்குப் பொறாமையா இருக்கு.”

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனார்.

மறுநாள் எங்கள் கேட்டில் ஒரு மாவு போத்தல் தொங்கியது. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. காடியையும் காணோம். அவருக்குப் பகல் வேலையாகிவிட்டது, பிள்ளையை மாமியார் வீட்டில் விடுகிறோம் என்று அவர் மனைவி சொன்னார். கவின் அந்தக் கதவையே பார்த்துப் பார்த்து அழுதான். பாலைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

நாலாம் நாள் நான் கெஞ்சவுமில்லை, மிரட்டவுமில்லை. முன்வாசல் தரையில் கிண்ணத்தோடு சும்மா உட்கார்ந்தேன். அவனே தவழ்ந்து வந்தான். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கரண்டியைத் தன் வாயில் வைத்துக்கொண்டான். ஒன்று, இன்னொன்று, கடைசி வரை.

அழுகையும் சிரிப்புமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். அவர் வேலைக்குப் போயிருப்பார் என்பதே மறந்து, “அண்ணே” என்று கத்தினேன். கதவு திறந்தது. கைலியோடு நின்றார் அண்ணன், தோளில் மகள். பகல் வேலையுமில்லை, மாமியார் வீடுமில்லை. காடி பின்சந்தில் நின்றதாம்.

“பசியாறிட்டான்ல? ஜன்னல்ல பாத்தேன்,” என்றார்.

பிறகு கேட்டருகே வந்து, அதன் பூட்டையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“இனிமே என்னைத் தேட மாட்டான்ல, தங்கச்சி?”

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கவினைக் கேட்டுக்கு மேலே தூக்கி அவர் கையில் கொடுத்தேன்.

“நாளைக்கு நீங்களே ஊட்டுங்கண்ணே.”