பல்லவனுக்குக் கூழ் ஊற்றிய வம்சம்

வாடகை வீட்டில் குடியிருப்பவன் வீட்டுக்காரரிடம் சொல்லவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: "அதுக்கென்னங்க, பண்ணிடலாம்." நான் அதைச் சொன்னேன். சொல்லிவிட்டுப் பல் தெரியச் சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது நானும் செல்வியும் விழுப்புரத்தில் தணிகாசலம் அய்யா வீட்டு மாடியில் குடியிருந்தோம். அய்யாவுக்குச் சொந்த ஊர் கெடார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். தங்கமான மனிதர். ஆனால் தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் அவர் வீட்டுக் கூடத்தில் இருந்தது. அவர் மனம் குளிர்ந்தால்தான் எங்கள் குழாயில் தண்ணீர் வரும். (செல்வி தினமும் காலையில் வானத்தைப் பார்க்க மாட்டாள், அய்யா முகத்தைத்தான் பார்ப்பாள்.)

எனக்கு ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதும் வேலை. மீதி நேரமெல்லாம் இணையக் கலைக்களஞ்சியத்தில் மற்றவர்கள் எழுதிய கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருப்பேன். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், யார் திருத்தினார்கள் என்று யாரும் பார்க்கலாம் என்கிற களஞ்சியம் அது. சம்பளம் கிடையாது. 'நலம்விரும்பி' என்று எனக்கு நானே ஒரு பயனர் பெயர் சூட்டியிருந்தேன். தமிழின் நலத்தை விரும்புகிறவனாம். (அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்த அன்று என் மூளை எங்கே மேயப் போயிருந்ததோ.) எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். யாராவது ஆதாரமில்லாமல் எதையாவது எழுதியிருந்தால், அந்த வரியின் வாலில் அடைப்புக்குறி போட்டு 'சான்று தேவை' என்று ஒட்டிவிடுவேன். டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்த செக்கரின் சந்தோஷம் அதில் இருந்தது.

ஒரு மாலை அய்யா மாடியேறி வந்தார். குடும்ப வரலாற்றை நெட்டில் ஏற்ற வேண்டும் என்றார். விஷயம் இதுதான். அவர் மகன் சரவணனுக்குத் திண்டிவனத்தில் ஓர் இடம் அமைகிற மாதிரி இருந்தது. பையனுக்கு வயது ஏறிக்கொண்டும் தலையில் முடி இறங்கிக்கொண்டும் இருந்த நேரம். வந்த இடமெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போய், அய்யா ஜோசியரிடம் போவதையே விட்டிருந்தார்.

"முன்ன மாதிரி டீக்கடையில விசாரிக்கிறதில்ல சார். பேரப் போட்டு போன்ல தேடறாங்க. எங்க பேரு அடிச்சா ஒண்ணுமே வரமாட்டேங்குது. இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே எங்க போயி பொண்ணு தேடறது?"

குடும்பப் பெருமை பேசுவதற்குக் கலைக்களஞ்சியம் இடமில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். விதி அப்படித்தான். ஆனால் குளியலறையில் பக்கெட் காலியாக இருந்தது. அதுக்கென்னங்க, பண்ணிடலாம் என்றேன்.

அய்யாவுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்து, ஒற்றை விரலால் தட்டச்சுப் பழக்கினேன். புதியவருக்குப் பாடம் எடுக்கும் பெருமையில் நெஞ்சு விம்மியது. எழுதும் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேண்டும், அதுவும் நீங்களோ உங்கள் உறவுக்காரர்களோ சொன்னால் செல்லாது, உங்களுக்கு வேண்டியவர் அல்லாத ஒருவர் சொல்லியிருந்தால்தான் மதிப்பு என்று விளக்கினேன்.

அவர் விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்தார். "வேண்டாதவன் எதுக்கு சார் நம்மளப் பத்தி நல்லது சொல்லப்போறான்?" என்றார்.

அது எவ்வளவு நல்ல கேள்வி என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அதெல்லாம் கிடைக்கும் எழுதுங்கள் என்று தள்ளிவிட்டேன்.

எழுதினார். முதல் வரியே ஆளைத் தூக்கிப் போட்டது. மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் குகைக் கோயில் குடைந்தபோது கல்தச்சர்களுக்குக் கேப்பைக் கூழ் ஊற்றியது இந்த வம்சத்தார்தானாம். தொட்டுக்கொள்ள மல்லாட்டைத் துவையலாம். பல்லவர் காலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை இந்த நாட்டுக்கே வரவில்லை என்று நான் வாதாடித் துவையலை மட்டும் எடுக்கவைத்தேன். கூழை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆதாரம் என்ன என்றதற்கு, கல்வெட்டே இருக்கிறது என்றார்.

"செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம கட்டுனேன்னு ராஜா கல்லுல வெட்டி வச்சிருக்காரா இல்லியா? கூழு இல்லாமன்னு வெட்டி வச்சிருக்காரா, சொல்லுங்க."

கூழ் கட்டுரையில் தங்கிவிட்டது.

அதற்கப்புறம் கொள்ளுத்தாத்தா புலியை விரட்டினார், தாத்தா ஊருக்கே பஞ்சாயத்து பேசினார் என்று வரிகள் வளர்ந்து, கடைசி வரி இப்படி முடிந்தது: 'தற்போதைய வாரிசான சரவணன் எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர்.' களஞ்சியத்தில் இதெல்லாம் எழுத மாட்டார்கள் என்றேன். இந்த ஒரு வரிக்காகத்தான் பல்லவனையே கூட்டிக்கொண்டு வந்தேன் என்றார். கட்டுரையை வெளியிட்டதும் அதன் இணைப்பைத் திண்டிவனத்துக்கு அனுப்பிவிட்டு, அன்றைக்கு மோட்டாரைத் தொட்டி நிரம்பி வழியும்வரை ஓடவிட்டார்.

மறுநாள் ஆலையில் வேலை குறைவு. கை சும்மா இருக்கவில்லை. கட்டுரையைத் திறந்தேன், பல்லவன் வரியில் 'சான்று தேவை' போட்டேன். புலிக்கு ஒன்று, பஞ்சாயத்துக்கு ஒன்று. பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிற மாதிரி வரிசையாக வைத்துக்கொண்டே போனவன், கடைசி வரியில் என்ன இருக்கிறது என்று படிக்காமலே அதற்கும் ஒன்று வைத்தேன். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம், புதியவருக்கு நல்ல பயிற்சி என்று நினைத்தேன். அய்யாவிடம் சொல்ல மறந்துபோனேன்.

அடுத்த ஞாயிறு திண்டிவனத்தில் பெண்ணுக்குப் பூ வைக்கும் நிகழ்ச்சி. வேனில் எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். பெண்ணின் அப்பா ஒலக்கூர்ப் பக்கத்து விவசாயி, பிள்ளைகள் படிப்புக்காகத் திண்டிவனத்தில் வீடெடுத்துத் தங்கியவர். அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்துப் பெண்ணின் தாய்மாமன் பேசினார். உட்கார்ந்ததுமே, கெடாரிலிருந்து பங்காளிகள் யாரும் வரவில்லையா என்றுதான் கேட்டார். அய்யாவுக்கு இருக்கும் நெருங்கிய பங்காளி ஏழுமலை ஒருவர்தான், சித்தப்பா மகன். போர்வெல் தகராறில் இருவரும் முகம் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது. வேலையாய் இருக்கிறார் என்று அய்யா மழுப்பினார்.

தட்டு மாற்றும் நேரம். என் வாயில் பாதி வாழைக்காய் பஜ்ஜி. தாய்மாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு போனை எடுத்தார். நீங்கள் அனுப்பியதைப் படித்தோம், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சொல்லி, உரக்க வாசிக்க ஆரம்பித்தார். "கூழ் ஊற்றியது இந்த வம்சத்தார்தான். சான்று தேவை." அய்யா நிமிர்ந்து பார்த்தார். "புலியை விரட்டினார். சான்று தேவை." பஜ்ஜி எனக்கு அங்கேயே நின்றுவிட்டது. பெண்கள் பக்கத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. கடைசி வரி வந்தபோது சிரிப்பு நின்றது.

"எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர். சான்று தேவை." போனைத் தாழ்த்தினார். "மத்தத வுடுங்க. பல்லவன் கூழு குடிச்சா எங்களுக்கு இன்னா, பட்டினி கெடந்தா இன்னா. ஆனா இத ஒருத்தன் பாத்துட்டு, அப்பிடியா, சான்று காட்டுன்னு கேட்டிருக்கான். போட்டவன் பேரு இன்னா தெரியுமா? நலம்விரும்பி."

வீடே மூச்சை உள்ளே இழுத்தது. எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணம் கூடிவந்தால் அதைக் கலைக்க ஒரு மொட்டைக் கடுதாசி வருவதும், அதன் அடியில் 'இப்படிக்கு, உங்கள் நலம்விரும்பி' என்று இருப்பதும் காலங்காலமான வழக்கம். நான் அதை நவீனப்படுத்தியிருக்கிறேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது.

உள்ளறைக் கதவோரத்திலிருந்து பெண் நிவேதா மெல்லச் சொன்னாள். "மாமா, சான்று தேவைன்னா பொய்னு அர்த்தமில்ல. இன்னும் காட்டலன்னுதான் அர்த்தம்."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். காட்டட்டும்."

சரவணன் வழுக்கை வரை வியர்த்து உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. அய்யா என் பக்கம் திரும்பி, நீங்கள்தான் கம்ப்யூட்டரில் பெரிய ஆள், இவன் யாரென்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார். கஷ்டங்கய்யா என்றேன்.

கண்டுபிடிக்கவே தேவையில்லை, ஏழுமலையைத் தவிர வேறு எவன் செய்வான் என்று சொல்லிக்கொண்டே அய்யா போனை எடுத்தார். காது மந்தம் என்பதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். பல வருஷத்துக் கோபம் ஒரே மூச்சில் கொட்டியது. எதிர்முனை அத்தனையையும் கேட்டுக்கொண்டு கடைசியில் பேசியது.

"டேய், எங்கிட்ட இருக்கிறது பட்டன் போனு. அதுல டார்ச்சே ஒயுங்கா எரியல, நான் எங்க போயி நெட்ல எயுதறது? உன்னப் பத்தி கேட்டா விடிய விடிய சொல்வேன்டா, நீ பேராசை புடிச்சவன். ஆனா அந்தப் புள்ளயப் பத்தி நான் எதுக்குக் கெட்டது சொல்லணும்? திருவிழாவுல ஊரே குடிச்சிட்டு உருண்டுக்கினு கெடக்கும், அவன் மட்டும் சோடா குடிச்சிக்கினு எல்லாரையும் வீட்டுக்குத் தூக்கினு போயி வுடுவான். என்னையும்தான் வுட்டான். அவன மாதிரி ஒரு மருமவன் கெடைக்க அவங்க குடுத்து வச்சிருக்கணும்."

தாய்மாமன் அய்யாவைப் பார்த்தார், சரவணனைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "வேண்டாத பங்காளியே சொல்றாரு. இதுக்கு மேல இன்னா சான்று வேணும்?" என்றார். களஞ்சியத்தின் விதியை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அய்யாவின் குரல் இறங்கிவிட்டது. "நீ போடலன்னா எவன்டா போட்டது?"

செல்வி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுக்காரருதாங்க நலம்விரும்பி," என்றாள், பால்காரர் யார் என்று கேட்டால் சொல்வது மாதிரி சாதாரணமாக. "கெட்ட எண்ணமெல்லாம் இல்லீங்க. எனக்கும் போடுவாரு. தலைவலின்னு சொன்னாக்கூட ஆதாரம் கேப்பாரு."

முதலில் சிரித்தது பெண்ணின் அம்மா. பிறகு வீடே சிரித்தது. போனுக்குள்ளிருந்து ஏழுமலையும் சிரித்தார். நான் மீதி பஜ்ஜியை மென்றுகொண்டே தரையைப் பார்த்தேன். மொசைக் தரை, நல்ல வேலைப்பாடு.

சிரிப்பு அடங்கியதும், அதுவரை வாயே திறக்காத பெண்ணின் அப்பா போன் பக்கம் குனிந்து, அந்தக் கூழ்க் கதை நிஜமா என்று கேட்டார்.

"யாரு, நாங்க கூழு ஊத்துனமா?" என்றார் ஏழுமலை. "எங்க தாத்தாவே கூழுக்கு வழியில்லாம ஒலக்கூர் பக்கம் அறுப்புக்குப் போனவருங்க. அந்த ஆளு கஷ்டப்பட்டு வாங்குன நெலத்துலதான் நாங்க இன்னிக்கி சண்ட போட்டுக்கினு இருக்கோம்."

தணிகாசலம் அய்யா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பல்லவனை இழுத்து வந்தது எதை மறைக்க என்று அப்போதுதான் தெரிந்தது. "நெசந்தாங்க," என்றார் அவர். "அத எழுத வெக்கமா இருந்துச்சு."

பெண்ணின் அப்பா தட்டைக் கையில் எடுத்தார். "இதுல இன்னா வெக்கம்? எங்க தாத்தாவும் ஒலக்கூர்ல கூலிக்கி அறுப்பு அறுத்தவருதான். ரெண்டு பேரும் ஒரே பானைக் கூழத்தான் குடிச்சிருப்பாங்க."

"அதுக்குச் சான்று?" என்றார் தாய்மாமன், பழக்கதோஷத்தில்.

"அது வேணாம், வுடு," என்று அவர் தட்டை நீட்டினார்.

கட்டுரையை வேறொரு நலம்விரும்பி பார்த்து, களஞ்சியத்துக்கு ஏற்றதல்ல என்று நீக்கிவிட்டார். அய்யா கவலைப்படவில்லை, அது வந்த வேலையை முடித்துவிட்டது என்றார். கல்யாணத்தில் ஏழுமலை முன்வரிசையில் உட்கார்ந்து, பந்தியில் சாம்பாரைக் குறை சொன்னார். எங்கள் குழாயில் மட்டும் கொஞ்ச காலம் தண்ணீர் யோசித்து யோசித்து வந்தது. பிறகு நாங்கள் வேறு வீட்டுக்குப் போய்விட்டோம். ஆனால் அந்தக் குடும்பத்து விசேஷம் எதற்குப் போனாலும் யாராவது என்னைக் காட்டி 'சான்று வந்துருச்சு' என்பார்கள். இலை போடுகிறவர்கூடச் சிரிப்பார்.

போன மாதம் அய்யா போன் செய்தார். சரவணனுக்குப் பெண் குழந்தை. ஸ்பீக்கரில்தான் பேசினார்.

"பேத்தி அப்பிடியே என்ன மாதிரியே இருக்கா சார். மூக்கு, நெத்தி எல்லாம் நான்தான்."

சந்தோஷங்கய்யா என்று மட்டும் சொன்னேன். பட்டது போதும் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். பின்னாலிருந்து ஏழுமலையின் குரல் கேட்டது.

"சான்று தேவை."