முள்வேந்தனின் வலைப்பூவுக்குக் காதுகுத்து

ஒரு காட்டில், புரட்டாசி மாதத்துப் புதன்கிழமை காலை ஏழேகாலுக்கு, நாலாயிரத்து முந்நூறு செல்போன்கள் ஒன்றாகக் கிணுகிணுத்தன. செய்தி அனுப்பியவர் முள்வேந்தன்.

முள்வேந்தன் ஒரு முள்ளம்பன்றி. வீட்டில் வைத்த பெயர் சுப்பையா. அரசியல் எழுத வந்தபோது, சுப்பையாவுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள் என்று தோன்றியதால் பெயரை மாற்றிக்கொண்டார். ‘குத்தல்’ என்று ஒரு வலைப்பூவை ஐந்து ஆண்டுகளாக நடத்திவந்தார். ‘விளம்பரம் வாங்குவதில்லை என்பது எங்கள் கொள்கை’ என்று அதன் முகப்பில் போட்டிருந்தது. கொடுக்க யாரும் வரவில்லை என்பதைப் போட முகப்பில் இடமில்லை.

அன்று அனுப்பிய செய்தி இது:

“அன்பு வாசகத் தோழர்களே! சிங்கத்துக்குச் சாமரம் வீசாமல், நரிக்கு நாற்காலி தூக்காமல் ஐந்தாண்டுகள் ஒலித்த குரல் இது. சர்வர் வாடகை பாக்கி. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் குரல் அடங்கும். நன்கொடை தாருங்கள். கீழே உள்ள கட்டத்தை ஸ்கேன் செய்யவும். கை இல்லாதவர்கள் மூக்கால் அழுத்தலாம்.”

சர்வர் மலைக்குகையில் இருந்தது. அதை வாடகைக்கு விட்டவர் ஒரு வௌவால். கொள்கை பற்றி அவருக்குக் கருத்து எதுவும் இல்லை. வாடகை வராவிட்டால் ஒயரைப் பிடுங்குவார்.

வலைப்பூ மூடிக்கொண்டால் காட்டில் பெரும்பாலோருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஒருத்திக்கு மட்டும் இருந்தது. தைலம்மை என்ற தவளை கரும்பாறைக் குட்டையில் குடும்பத்தோடு குடியிருந்தாள். அந்தக் குட்டையை முதலைக்குக் குத்தகைக்கு விட்டு, நீச்சல் விடுதி கட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஐப்பசி பிறந்ததும் கைமாற வேண்டும். பேரம் பேசியபோது தைலம்மை ஓர் அல்லி இலைக்கு அடியில் இருந்தாள். யார் யார் வந்தார்கள், யார் என்ன கேட்டார்கள் என்று முழுவதும் கேட்டவள் அவள் ஒருத்திதான். நேராக முள்வேந்தனிடம் போய்ச் சொன்னாள்.

முள்வேந்தன் முதல் பகுதியை எழுதினார். ‘குட்டையை விழுங்குவது யார்?’ என்று தலைப்பு. பெயர் எதுவும் இல்லை. ‘இரண்டாம் பகுதியில் பெயர்கள்’ என்று முடித்திருந்தார். பெயர்கள் வெளியே வந்தால் காட்டுச் சபை வேறு வழியில்லாமல் குத்தகையை நிறுத்தும். வராவிட்டால் குட்டை போகும். தைலம்மைக்கு இவ்வளவுதான் அரசியல்.

நன்கொடைச் செய்திக்கு உடனே பதில்கள் குவிந்தன. அறுநூறு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். “உங்கள் பணி தொடரட்டும்” என்று எழுதியது புள்ளிமான். “இப்படிப்பட்ட குரல்கள் இன்று அரிது” என்றது மயில். கரடி மட்டும் வெளிப்படையாகக் கேட்டது.

“தோழர், புத்துக்குப் பக்கத்துல உக்காந்துதானே எழுதுறீங்க? அதுக்கு எதுக்குக் காசு?”

“சர்வர் வாடகை இருக்கு தோழர்.”

“சர்வர் எதுக்கு? என்கிட்ட நேராச் சொல்லுங்க, நான் நாலு பேர்கிட்டச் சொல்றேன்.”

காட்டெருமை வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னது. வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. ஆமை ஸ்கேன் செய்துகொண்டிருப்பதாகத் தகவல் அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை வரை ஒரு செல்லாக் காசுகூட வரவில்லை. அன்று முள்வேந்தன் இரண்டாவது வேண்டுகோள் வெளியிட்டார். அதற்குக் கும்பிடு எழுநூற்றுக்கு உயர்ந்தது.

அடுத்த நாள் வைரக்கண்ணு வந்தார். கிழக்குச் சரிவிலிருந்து வந்து குடியேறிய காட்டுப்பன்றி, ‘குத்தல்’ வாசகர். நன்கொடை தராதவர்களில் அவரும் ஒருவர்.

“அண்ணே, ஆளுங்க மேல தப்பு இல்ல. நீங்க கேட்ட வார்த்தைதான் தப்பு” என்றார்.

“என்ன வார்த்தை?”

“நன்கொடைங்கிறீங்க. குடுத்தா திரும்பி வராதுன்னு அந்த வார்த்தையே சொல்லுதுல்ல? எவன் குடுப்பான்? மொய்னு சொல்லிப் பாருங்க. கம்மல அடகு வெச்சாவது கொண்டாந்து எழுதுவான்.”

“மொய் வாங்க விசேஷம் வேணுமேய்யா. எனக்குக் கல்யாணம் ஆகி எட்டு வருசமாச்சு.”

“உங்களுக்கு எதுக்கு? வலைப்பூவுக்கு வைப்போம். அஞ்சு வயசாச்சுல்ல? காதுகுத்து.”

முள்வேந்தன் சற்று யோசித்தார். கொள்கை முரண் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ‘குத்தல்’ வலைப்பூவுக்குக் காதுகுத்து என்று சொல்லிப் பார்த்தபோது காதுக்கு நன்றாக இருந்தது.

“புரட்டாசியில விசேஷம் வைக்கலாமா?” என்று மட்டும் கேட்டார்.

“வலைப்பூவுக்கு ஏதுண்ணே பஞ்சாங்கம்?”

பத்திரிகை அடித்தார்கள். ‘தங்கள் வரவை அன்புடன் எதிர்பார்க்கும்’ என்பதற்குக் கீழே சுதந்திரச் சிந்தனையாளர்கள் எட்டுப் பேர் பெயர் இருந்தது. ஆலமரத்தடியில் பந்தல். புரட்டாசி என்பதால் சைவச் சாப்பாடு. அதை அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததால் முயல்கள் நிம்மதியாக வந்தன.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். வைரக்கண்ணு தாய்மாமனாக உட்கார்ந்தார். அவர் மடியில் லேப்டாப்பை மாலை போட்டு வைத்தார்கள். முள்வேந்தன் தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, மூடியின் ஓரத்தில் குத்தினார். திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பந்தல் வாசலில் மேசை போட்டு, மைக்கோடு மைனா உட்கார்ந்திருந்தது. “மேற்குச் சரிவு கரடியார் மொய்!” என்று அது கூவியதும், பந்தியில் இருந்த காட்டெருமை பாயசத்தைப் பாதியில் விட்டு எழுந்து வந்தது. கரடியைவிடக் கூடுதலாக வைத்தது. மயில் தோகையை விரித்தபடி வந்து, தன் பெயரை மறுபடி வாசிக்கச் சொன்னது. புள்ளிமான் தன் பேரிலும் மாமனார் பேரிலும் செய்தது. ஒரு வாரமாக ஸ்கேன் ஆகாத கைகள் எல்லாம் அன்று மடியை அவிழ்த்தன. பகுத்தறிவுக் கட்டுரைகளுக்குத் தராத காசை, மைக்கில் பெயர் சொன்னதற்குத் தந்தார்கள்.

வந்தவர்கள் அவர்கள் மட்டுமல்ல. குட்டையை அளந்து கொடுத்த அளவைத் துறைக் குரங்கு வந்தது. நீர்வளத்துறை மந்திரி நரி வந்தார். முதலைக்கு உடம்பு சரியில்லை என்று அவருடைய மைத்துனர் வந்தார். அரண்மனையிலிருந்து சிங்கத்தின் பேரில் ஒரு தட்டு வந்தது. மேலே வெற்றிலை பாக்கு, கீழே எவ்வளவு பணம் என்று மைனா மைக்கில் சொன்னபோது பந்தி ஒரு நிமிடம் நின்றுபோனது.

தைலம்மையும் வந்தாள். கூப்பிட்டிருந்தார்கள், வந்தாள். சாப்பிட்டாள். மேசையைத் தாண்டும்போது மைனாவைப் பார்க்காமல் தாவிப் போனாள்.

மறுநாள் காலை வௌவாலுக்குப் பழைய பாக்கியும் அடுத்த இரண்டு ஆண்டு வாடகையும் போய்ச் சேர்ந்தன. பந்தல்காரர், சமையல்காரர், மைக்செட்காரர் எல்லோருக்கும் கொடுத்ததும் கையிருப்பு காலி. ‘வாசகர்கள் என்னைக் காப்பாற்றினார்கள். இனி நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் அல்ல’ என்று முள்வேந்தன் ஒரு பதிவு போட்டார். ‘குட்டை இரண்டாம் பகுதி வெள்ளிக்கிழமை’ என்றும் அறிவித்தார்.

அறிவித்த பத்தாவது நிமிடம் குரங்கு போன் செய்தது.

“அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுல விசேஷம்.”

“அப்படியா, சந்தோஷம். என்ன விசேஷம்?”

“நீங்கதான் இரண்டாம் பகுதி எழுதப்போறதாச் சொல்லியிருக்கீங்களே. அதான். நாங்க உங்களுக்குச் செஞ்சத இப்பத் திருப்பிச் செய்யுங்க. காசா வேண்டாம். எம் பேரு மட்டும் வராமப் பாத்துக்கங்க.”

அந்த போனை வைத்ததும் நரி கூப்பிட்டார். “தம்பி, சாப்பாடு பிரமாதம். கூட்டுல பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். மைக்ல எம் பேர ரெண்டு தரம் சொன்னாங்க, அந்த மட்டும் போதும். வலைப்பூவுல வேற எதுக்கு மூணாவது தரம்?”

முதலையின் மைத்துனர் பேசவே இல்லை. “அத்தானுக்கு உடம்பு தேறிடுச்சு” என்று ஒரு செய்தி அனுப்பினார்.

முள்வேந்தன் வைரக்கண்ணுவைக் கூப்பிட்டார். “ஏய்யா, இவனுங்க மொய்யை மட்டும் திருப்பிக் குடுத்துட்டா என்ன?”

வைரக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டார். “என்னண்ணே பேசுறீங்க! அவங்க வீட்டுல விசேஷம் இல்லாம மொய்யத் திருப்பினா, உறவே வேண்டாம்னு அர்த்தம். சாவுப் பகை. அப்புறம், வாங்கினதை அப்படியே குடுத்தாப் போதுமா? மேல சேத்துல்ல குடுக்கணும்! வெச்சிருக்கீங்களா?”

“பந்தல்காரனுக்கே பாக்கி இல்லாமக் குடுத்துட்டேன்.”

“அப்ப எழுதாம இருங்க. அதான் சிக்கனம்.”

“வெள்ளிக்கிழமைன்னு அறிவிச்சுட்டேனே! எதையாவது எழுதித்தானே ஆகணும்? வாசகன் என்ன நினைப்பான்?”

“மொய் செய்யாதவன் எவனாவது இருப்பான். அவனை எழுதுங்க.”

மைனாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கரடி முதல் காடை வரை எல்லோரும் செய்திருந்தார்கள். ஓர் எறும்புக் கூட்டம்கூடப் பொதுவில் சேர்த்து வைத்திருந்தது. மைனா கண்ணை மூடி யோசித்து, ஒரே ஒரு பெயரைச் சொன்னது.

வெள்ளிக்கிழமை இரண்டாம் பகுதி வந்தது. ‘குட்டையைக் கெடுத்தது யார்? பெயருடன், ஆதாரத்துடன்’ என்று தலைப்பு. தைலம்மை என்ற தவளை பட்டா இல்லாமல் பல தலைமுறையாகக் கரும்பாறைக் குட்டையை ஆக்கிரமித்திருப்பது, மழைக்காலத்தில் கூச்சல் போட்டு அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் கெடுப்பது, குட்டைத் தண்ணீரிலேயே முட்டையிடுவது எல்லாம் அம்பலமாகியிருந்தன. இலைக்கு அடியில் ஒளிந்திருந்து மற்றவர் பேச்சை ஒட்டுக்கேட்கும் பழக்கம் பற்றித் தனிப் பெட்டிச் செய்தி இருந்தது. ‘அதிகாரத்தை நோக்கி உண்மை பேசுவோம்’ என்று முடித்திருந்தார்.

ஐந்தாண்டுகளில் ‘குத்தல்’ கண்டிராத வாசிப்பு அது. “நெஞ்சில் உரமுள்ள எழுத்து” என்றது மயில். “பெயர் போட்டு எழுதும் துணிச்சல் யாருக்கு வரும்?” என்றது புள்ளிமான். நரி அதைத் தன் பக்கத்தில் பகிர்ந்து, ‘சுதந்திர ஊடகம் ஜனநாயகத்தின் தூண்’ என்று எழுதினார்.

தைலம்மை முள்வேந்தனின் புற்றடிக்கு வந்தாள். முள்வேந்தன் பின்னூட்டங்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஐயா, பேரு போடுறேன்னு சொன்னீங்களே.”

“போட்டிருக்கேனே.”

“எம் பேரை!”

“வேற யாரு பேரப் போடச் சொல்ற?”

“அன்னைக்கு நான் சொன்ன பேருங்க என்னாச்சு? கொரங்கு, நரி, மொதலை, அரமனை ஆளு. அத்தனையும் நீங்கதானே எழுதிக்கிட்டீங்க!”

முள்வேந்தன் லேப்டாப்பை மூடினார். குரலில் வருத்தம் இருந்தது. அவர் வருத்தப்படத் தெரியாதவர் அல்ல.

“இங்க பாரும்மா. அவங்க எல்லாம் முறை செஞ்சவங்க. முறை செஞ்சவங்களை எழுதினா நாளைக்கு எவன் நம்ம வீட்டுக்கு வருவான்? பத்திரிகைக்காரனுக்கும் சபை நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அப்ப நான்? நானும்தான் வந்தேன். உக்காந்து சாப்பிட்டேன்.”

“அதைத்தான்மா நானும் சொல்றேன். வந்தே, சாப்பிட்டே. போற வழியில ஒரு ரூபா வெச்சிருந்தா, உன்னைத் தொட்டிருப்பேனா?”

தைலம்மை முன்கால் இரண்டையும் விரித்துக் காட்டினாள்.

“எங்கிட்ட இல்லீங்கய்யா” என்றாள். “இருந்த சேதியத்தான் உங்களுக்குக் குடுத்தேன்.”

“அது நன்கொடைம்மா” என்றார் முள்வேந்தன். “மொய் இல்ல.”

ஐப்பசி ஏழாம் தேதி கரும்பாறைக் குட்டையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு முடித்தார்கள். அன்று மாலை மழை பிடித்தது. குட்டைப் பக்கம் சத்தம் எதுவும் இல்லை.

நீதி: ஒருவரிடம் காசு வாங்கி எழுதினால் விலைபோனவர் என்பார்கள், ஆகையால் எல்லோரிடமும் வாங்கிவிடுங்கள், நடுநிலையாளர் என்பார்கள்.