பனிமலையும் ஒரு குகையும்

என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்கிறார்கள் என்று கேள்வி.

மின்சார அலுவலகத்தில் எனக்குப் புகார்ப் பிரிவு. காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசியைக் காதில் வைத்தால், மாலை ஐந்து மணிக்குத்தான் என் காது எனக்குத் திரும்பக் கிடைக்கும். நடுவில் ஊரே என்னைத் திட்டும். "கரண்ட் எப்பய்யா வரும்?" என்பார்கள். "ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க சார்" என்பேன். எந்த ஆள், எங்கிருந்து வருகிறார் என்று எனக்கும் தெரியாது. பத்தொன்பது வருஷமாக வந்துகொண்டே இருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"என்னங்க, சாப்பிட வாங்க."

"உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்றேன்.

கரண்டியோடு வெளியே வந்து என்னை உற்றுப் பார்த்தாள். நான் வேடிக்கைக்குச் சொன்னதாகத் தெரியவில்லையாம். மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பொழுதுபோக்கு ஏதாவது உண்டா?"

"தூங்குவேன் சார்."

"அது பொழுதுபோக்கு இல்ல."

"தூங்கினா பொழுது நல்லாத்தானே சார் போகுது?"

மேசைக்கு அடியில் மனைவி என் காலை மிதித்தாள்.

"மனசுக்குப் பிடிச்சதா ஒண்ணைத் தேடிக்குங்க. செடி வளருங்க, ஏதாவது வாசிங்க, படம் வரைங்க. வாரத்துல ரெண்டு மணி நேரம் போதும். இப்படியே போனா அடுத்த தடவை உங்களைக் கட்டில்லதான் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டார்: 'பொழுதுபோக்கு – வாரம் ஒரு வேளை.' அது சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்க நினைத்தேன். கால் ஏற்கனவே வலித்துக்கொண்டிருந்தது.

முதலில் செடி. செடியோடு பேசினால் நன்றாக வளரும் என்றார்கள். எனக்குத் தெரிந்த பேச்சு ஒன்றுதான். தினமும் தொட்டிக்கு எதிரே குனிந்து, "கொஞ்சம் பொறுத்துக்குங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க" என்றேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாவது வாரம் அது உயிரை விட்டது.

அடுத்தது புல்லாங்குழல். ஊதினேன். காற்று வந்தது. காற்று மட்டுமே வந்தது. கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, "உங்க குக்கர்ல வெயிட் சரியா உக்காரல போலிருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு தோல்விக்குப் பிறகு ஒரு முடிவெடுத்தேன். கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தேன்.

"நான் ஓவியனாகப் போறேன்."

"சரிங்க. போறப்ப குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுடுங்க" என்றாள்.

கடைத்தெரு முனையில் என் நண்பன் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறான். ஊருக்கே அவன் 'கத்திரி'தான். அவன் மனைவி பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்கு மேல் மாடியில் பெரியவர்களுக்குப் படம் வரையச் சொல்லித் தருகிறார். சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை.

முதல் சனிக்கிழமை நான் வரையத்தான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். கையில் புது பிரஷ், பையில் வண்ணப் பெட்டி. மாடிப்படிக்கு வழி கடையை ஒட்டித்தான். வழியில் கத்திரி நிறுத்தினான்.

"புது நாற்காலி வந்திருக்கு. ஒரு நிமிஷம் உக்காந்து பாரேன்."

உட்கார்ந்தேன். ஏதோ ஒரு கைப்பிடியை இழுத்தான். நாற்காலி என்னைப் பின்னால் சாய்த்து, காலைத் தூக்கி, தலையைத் தாங்கிக்கொண்டது. கழுத்திலிருந்து கால்வரை வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டான். தலைக்கு மேல் மின்விசிறி. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக என் இரண்டு காதும் சும்மா இருந்தன.

கண்ணைத் திறந்தபோது மணி ஐந்து.

"எழுப்பக் கூடாதாடா?" என்றேன்.

"மூணு பேர் சவரத்துக்கு வந்தாங்க. உன்னைப் பார்த்துட்டு அவங்களே குரலைத் தணிச்சுப் பேசுனாங்க. நான் எப்படி எழுப்புவேன்?"

"வீட்டுல என்னத்தைக் காட்டுறது?"

மாடியில் வேண்டாமென்று போட்ட தாள்கள் ஒரு கூடையில் கிடந்தன. கண்ணாடி துடைக்க வைத்திருப்பான். மேலே கிடந்த ஒன்றை உருவிக் கொடுத்தான். கோணலாக ஒரு ஜாடி. மூலையில் என் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். படம் போடப் போனவன் படம் காட்டத் தொடங்கியது இப்படித்தான்.

வீட்டில் மனைவி அந்தத் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதை நீங்களா வரைஞ்சீங்க?"

"பின்னே? கையெழுத்து இருக்குல்ல?"

"ஜாடி கோணலா இருக்கே?"

"வேணும்னேதான். வாழ்க்கை மட்டும் நேராவா இருக்கு?"

"கைப்பிடி இன்னும் கொஞ்சம் கீழ வந்திருக்கணுமோ?"

"இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. கலைக்கண்ணு வேணும்."

"ஆமாங்க. எனக்கு எங்க புரியப்போகுது" என்று சமையலறைக்குள் போனாள். அவள் தோள் குலுங்கியது. பெருமையில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் நான் மாடிப்படியில் கால் வைக்கவில்லை. மூன்று மணிக்குத் தூக்கம், ஐந்து மணிக்குக் கத்திரி கொடுக்கும் ஒரு படம். வாரா வாரம் படம் தேறிக்கொண்டே வந்தது. ஒரு செருப்பு, ஒரு சீப்பு, மின்விசிறி. மனைவி எல்லாவற்றையும் கூடத்துச் சுவரில் வரிசையாக ஒட்டினாள். பால்காரரைக்கூட உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். "எங்க வீட்டுக்காரர் கைவண்ணம்" என்றாள். பால்காரர் என் கையைப் பார்த்தார். நான் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

அவளும் மாறித்தான் போயிருந்தாள். துணி மடிக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். ஒரு சனிக்கிழமை அவள் கன்னத்தில் நீலமாக ஒரு தீற்றல்.

"முகத்துல என்ன?"

"துணிக்குப் போடுற நீலங்க."

நம்பினேன். பொய் சொல்கிறவனுக்கு மற்றவர்கள் பொய் சொல்வார்கள் என்று தோன்றுவதில்லை.

டாக்டர் மறுபடி அழுத்தம் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா, ஓவியம் எப்படி வேலை செய்யுது!" மனைவி கண் கலங்கி, "ரொம்ப நன்றி டாக்டர்" என்றாள். அந்த இடத்திலேயே எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. அன்று சாயங்காலம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"இந்தா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"சொல்லுங்க. இப்பல்லாம் நீங்க எவ்வளவு அமைதியா இருக்கீங்க தெரியுமா? பாக்கவே நிம்மதியா இருக்கு."

வாயை மூடிக்கொண்டேன். அவள் நிம்மதியைக் கெடுக்க மனமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் அதுவல்ல. நாற்காலியை விட மனமில்லை.

ஆறாவது வாரம் கொஞ்சம் பெரிய தாள். வெள்ளையாக ஒரு மேடு, அதன் உச்சியில் கறுப்பாக ஒரு பள்ளம். எனக்கே தலைகால் புரியவில்லை. ஆனாலும் விடவில்லை.

"இது என்னங்க?"

"பனிமலை."

"உச்சியில கறுப்பா?"

"குகை. உள்ள ஒரு முனிவர் தவம் பண்றார். நமக்குத் தெரியாது. உணரணும்."

"குகைக்கு மேல ரெண்டு சின்ன ஓட்டை இருக்கே?"

"காத்து போக வேணாமா?"

அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கலையின் உச்சத்தில் சில பேருக்கு அப்படி ஆகும் என்று எங்கோ படித்த ஞாபகம். ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஏழாவது வாரம் நான் போனபோது கூடையில் தாளே இல்லை. "எல்லாம் நூலகத்துக்குப் போயிடுச்சு. நாளைக்கு மாடி வகுப்போட கண்காட்சி" என்றான் கத்திரி, என் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்தால் சுவர் காலி.

"உங்க படத்தை எல்லாம் கண்காட்சிக்குக் கொடுத்துட்டேன். காலையில பத்து மணிக்குப் போகணும். நல்ல சட்டையா எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள்.

"எனக்கு ஜுரம் அடிக்குது" என்றேன். வெப்பமானியை வாயில் வைத்தாள். இல்லை என்றது. "விளம்பரம் எனக்குப் பிடிக்காது" என்றேன். "பால்காரர்கிட்ட பிடிச்சுதே?" என்றாள்.

நூலகத்து நீளக் கூடத்தில் நல்ல கூட்டம். படங்களைக் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் மட்டும் ஜனம் குவிந்து சிரித்துக்கொண்டிருந்தது. நடுவில் எங்கள் பிரிவு அதிகாரி. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கிட்டே போனேன்.

ஜாடி, செருப்பு, சீப்பு என்று வரிசையாகத் தொங்கின. ஆறாவது என் பனிமலை. அதற்குப் பக்கத்தில் நான் பார்த்தே இராத ஏழாவது படம். அதே மலைதான், ஆனால் முழுசாக. முடி திருத்தும் நாற்காலி. அதில் சாய்ந்து கிடக்கும் ஒரு மனிதன். கழுத்துவரை வெள்ளைத் துணி. அந்தத் துணியை முட்டிக்கொண்டு நின்ற தொப்பைதான் மலை. மலைக்குப் பின்னால் அண்ணாந்து திறந்த வாய் குகை. காற்று போகும் இரண்டு ஓட்டைகள் மூக்கு.

என் மூக்கு.

கீழே ஒரு அட்டை. 'சனிக்கிழமை மூன்று மணி. ஓவியம்:' என்று போட்டு என் மனைவி பெயர். அதற்கும் கீழே சின்ன எழுத்தில், 'கையெழுத்து: படத்தில் இருப்பவர்.' பனிமலையைப் பார்த்தேன். என் தொப்பை மேலேயே நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆள் வந்துக்கிட்டே இருக்காங்கன்னு சொல்வீங்களே, வந்துட்டார் போலிருக்கு" என்றார்.

மறுபடி ஒரு சிரிப்பு அலை. டிராயிங் டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இவ்வளவு அசையாம யாரும் இருந்ததில்ல" என்றார். கத்திரி ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. நூலகப் படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்ப தெரியும்?" என்றேன், தரையைப் பார்த்தபடி.

"முதல் நாளே. நீங்க மூக்குக் கண்ணாடியை மறந்துட்டுப் போயிட்டீங்க. கண்ணாடி இல்லாம எப்படி வரைவீங்கன்னு எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன். மாடியில போய்க் கேட்டா அப்படி ஒருத்தர் வரவே இல்லைன்னாங்க. எனக்குப் பதறிப்போச்சு. இறங்கி வரப்ப படிக்கட்டு ஜன்னல் வழியாப் பாத்தா, கீழ நாற்காலியில நீங்க. ஆன்னு வாயைத் திறந்துக்கிட்டு."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"வந்த கோவத்துக்கு அப்படியே தண்ணியை ஊத்தி எழுப்பலாம்னு இருந்தேன். டீச்சர்தான் என்னை உக்கார வெச்சு, கையில பென்சிலைக் கொடுத்தாங்க. எதிர்ல ஒரு ஜாடி இருந்துச்சு. வரைஞ்சேன். கோவத்துல கோணலா வந்துச்சு. வேண்டாம்னு கூடையில போட்டுட்டு, நீங்க எழறதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஓடினேன். அரை மணி நேரத்துல அதே ஜாடி உங்க கையெழுத்தோட வீட்டுக்கு வருது!"

"கத்திரி?"

"முதல் படம் அவருக்குத் தெரியாது பாவம். மத்ததெல்லாம் நான் சொல்லித்தான் கொடுத்தாரு."

'உனக்குப் புரியாது, கலைக்கண்ணு வேணும்' என்று நான் சொன்னது எனக்கு நினைவு வந்தது. காது சூடாகியது.

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருப்பேன். ஆனா அடுத்த சனிக்கிழமை வந்தப்ப எனக்கு அங்க போகணும்னு இருந்துச்சுங்க. அந்த ரெண்டு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடல. உங்ககிட்டதான் டாக்டர் பொழுதுபோக்கு உண்டான்னு கேட்டாரு. என்கிட்ட யாரும் கேட்டதில்ல."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ஊர்ப் புகாரையெல்லாம் கேட்டவன் இதைக் கேட்டதில்லை. அவள் புகாராகச் சொல்லவுமில்லை. அதுதான் என்னைக் கொன்றது. சிரித்த கூட்டத்துக்கு முன்னால் நின்றபோதுகூட இவ்வளவு குறுகிப்போகவில்லை.

"மன்னிச்சுடு" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. "சத்தியமா இனிமே தூங்க மாட்டேன். அடுத்த வாரத்துலேருந்து உன்கூட மாடிக்கு வர்றேன். ஒழுங்கா இருக்கேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

"நீங்க இப்படிச் சொல்வீங்கன்னு தெரியும். டீச்சர்கிட்ட நேத்தே உங்க பேரைக் கொடுத்துட்டேன்."

இவ்வளவு நடந்தும் இவள் என்னைக் கைவிடவில்லையே! "பென்சில், பிரஷ் எல்லாம் எடுத்துக்கிட்டு வரணும்ல?" என்றேன்.

"அதெல்லாம் எங்களுக்கு. உக்காந்த மனுஷன் முடிஞ்சுபோச்சு. அடுத்த வாரம் நிக்கிற மனுஷன் பாடம். பன்னெண்டு பேர் சுத்தி உக்காந்து வரைவோம். நீங்க நடுவுல ஸ்டூல் மேல ரெண்டு மணி நேரம் அசையாம நிக்கணும்."



"மூச்சு விடலாமா?" என்றேன்.

"விடலாம்" என்று எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "வாயை மூடிக்கிட்டு."