ஜெர்மன் பாட்டனுக்கு வைத்த வடை

பெண் வீட்டார் வருகிற நாளில் வீட்டில் செத்தவர் பேச்சையே எடுக்கக்கூடாது. நான் படையல் இலையே போட்டேன். அதுவும் எங்கள் வீட்டுச் செத்தவருக்கு இல்லை, ஒரு ஜெர்மன்காரர் வீட்டுச் செத்தவருக்கு!

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, மறு வருடம். நான் மலாக்காவில் ஒரு ரப்பர் கம்பெனியில் குமாஸ்தா. இங்கிலீஷ் கொஞ்சம் பேசுவேன் (கொஞ்சம்தான், அலட்டல் நிறைய). அன்று சாயந்தரம் குருபோங் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி என்னைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர் மகளைக் கோயிலில் பார்த்ததிலிருந்து வேறு யாரையும் கட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை. அன்றைக்கென்று பார்த்து, கம்பெனிக்கு வந்திருந்த ஹெர்மன் என்ற ஜெர்மன்காரரை டச்சுக் கல்லறைக்குக் கூட்டிப்போகச் சொன்னார் மானேஜர்.

ஹெர்மனின் கொள்ளுப்பாட்டனுக்கும் பாட்டன் டச்சுக் கப்பலில் சிப்பாயாக வந்து மலாக்காவிலேயே இறந்தாராம். கல் கல்லாகத் தேடினோம். பெயரே இல்லை. மனிதர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"போருக்குப் பிறகு எங்கள் ஊர் வேறு நாட்டில் இருக்கிறது. ஊருக்குப் பெயரும் வேறு. சொந்தக்காரர்கள் பாதிப்பேர் அமெரிக்கா போய்விட்டார்கள். இங்கே ஒரு கல்லாவது இருக்கும் என்று நினைத்தேன்" என்றார்.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. "எங்கள் வழக்கத்தில் கல் வேண்டாம், இலை போதும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவரைக் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அம்மா இல்லை, பூ வாங்கப் போயிருந்தார். தடுக்க ஆளில்லை! கல்லறைத் தீட்டுப் போக இருவரும் கிணற்றடியில் குளித்தோம். என் வேட்டி அவருக்கு முழங்கால் வரைதான் எட்டியது. பெண் வீட்டாருக்குச் சுட்டு வைத்த வடையில் பெரிதாக ஒன்றை எடுத்து இலையில் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, இலையோடு வாசலுக்கு வந்து காக்கையைக் கூப்பிட்டோம்.

"கா... கா..."

ஒன்றும் வரவில்லை. ஹெர்மனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கங்காணியின் டாக்சி வந்து நின்றது.

"யாரு தவறிட்டது?" என்றார் இறங்காமலே.

"இவரோட பாட்டனாருங்க. ரொம்ப நாளாச்சு."

"நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல கருமாதியா? காடியத் திருப்புய்யா!"

என் கல்யாணம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அதற்குள் ஹெர்மன், துக்கம் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணி, ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கங்காணியின் கையைப் பிடித்துக்கொண்டு விம்ம ஆரம்பித்துவிட்டார். கங்காணி கையை இழுத்துப் பார்த்தார், வரவில்லை.

"ஏன்யா இப்படி அழுவுறாரு?"

ஊர், நாடு, கல் எல்லாவற்றையும் சொன்னேன். கங்காணி கையை இழுப்பதை விட்டுவிட்டார்.

"எங்கப்பனைப் பொதைச்ச தோட்டத்தையும் வித்துட்டானுங்க. எந்த மரத்தடின்னே தெரியல" என்று இறங்கினார். "தள்ளு. நீ கூப்புடுற லட்சணத்துக்குக் கோழிகூட வராது."

விடியலில் நூறு பேரை ரப்பர் பால்வெட்டுக்கு எழுப்பிய குரல் அது. "கா!" என்றார். காஜா பெராங் காக்கையெல்லாம் எங்கள் கூரையில் இறங்கின. ஒரு காக்கை இலையிலிருந்த வடையைத் தூக்கிய பிறகுதான் கங்காணி ஒரு வடை எடுத்துக் கடித்தார். பூவோடு வந்த அம்மா, வேட்டி கட்டிய வெள்ளைக்காரரைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

கங்காணி மகளைக் கொடுத்தார். "வேத்து ஆளு செத்ததுக்கே இலை போடுறவன், எனக்குப் போடாமலா போயிருவான்?" என்று காரணமும் சொன்னார்.

இப்போது மாமனாரும் இல்லை. வருடா வருடம் அவருக்கு இலை போடும்போது என் மனைவி முதலில் பெரிய வடையாக ஒன்றைத் தனியாக எடுத்து வைப்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் சொல்வாள்:

"ஜெர்மன் பாட்டனுக்கு மொதல்ல. எங்கப்பா அன்னைக்கும் அவருக்கு அப்புறந்தான் தின்னாரு!"