தொப்பி மன்னருக்குச் சமமானோர்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூன்றாம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு, ஒரு மருத்துவமனையின் நான்காம் தளத்துக் கூட்ட அறையில், மனித குலம் இதுவரை ஒத்திப்போட்டு வந்த ஒரு கேள்விக்கு இறுதி விடை காணும் பொருட்டு ஐவர் கூடினர். மக்கள் நெஞ்சில் குடியிருக்கும் மாபெரும் நாயகர்கள் பத்துப் பேர் யார், அவர்களுள் யாருக்கு அடுத்து யார் என்பதே அந்தக் கேள்வி. நெருப்பைக் கண்டவனும் சக்கரத்தைச் செய்தவனும் தத்தம் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வரிசைப்படுத்தும் வேலை மட்டும் இந்த ஐவருக்காக மிச்சம் வைக்கப்பட்டிருந்தது.

நிகழ்ச்சி நிரலில் இரண்டே பொருள்கள் இருந்தன. முதலாவது, நாயகர்கள். இரண்டாவது, ஜனவரி முதல் ஓடாமல் நிற்கும் மின்தூக்கி. ஐவருள் நால்வர் முதற்பொருளுக்காக வந்திருந்தனர். தலைமைச் செவிலியர் மட்டும் இரண்டாவதற்காக வந்திருந்தார்.

அவருக்கு அதில் அவசரம் இருந்தது. நான்காம் தளத்தின் கடைசி அறையில் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். இடுப்பு எலும்பு மாற்று அறுவைக்காக மின்தூக்கியில் மேலே போனவர் அவர். மயக்கம் தெளிந்து அவர் கண்ணைத் திறந்தபோது மின்தூக்கி கண்ணை மூடிவிட்டிருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்துப் பல வாரங்கள் ஆயின. ஆனால் புது இடுப்போடு படி இறங்கக் கூடாது. நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கலாம் என்றால், தொண்ணூறு கிலோவுக்கு மேற்பட்ட நோயாளியைப் படிக்கட்டில் சுமக்கலாகாது என்று ஒரு சுற்றறிக்கை குறுக்கே நின்றது. ஓட்டுநரோ நூற்று நான்கு கிலோ. அவர் மனைவிக்கு மூட்டுவலி. படி ஏற முடியாது. ஆகவே நாள்தோறும் மாலையில் அந்த அம்மாள் தெருவில் நின்றுகொண்டு மேலே பார்ப்பார், ஓட்டுநர் ஜன்னலில் நின்றுகொண்டு கீழே பார்ப்பார், இருவரும் கைப்பேசியில் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

"அவர நான் இறக்கி விடுறேம்மா, என் பொறுப்பு" என்று தலைமைச் செவிலியர் வாக்குக் கொடுத்திருந்தார். முப்பது ஆண்டுப் பணியில் கொடுத்த வாக்கைத் தவறவிட்டவர் அல்லர் அவர்.

கூட்டத்தின் தலைவர் மருத்துவமனையின் கண்காணிப்பாளர். நாயகர் திட்டம் விளம்பர அதிகாரியின் மூளையில் உதித்தது. நோயாளி கண் விழித்ததும் தமக்குப் பிடித்த நாயகரின் முகத்தைக் கண்டால் பாதி மருந்திலேயே குணமாகிவிடுவார் என்று அந்தப் பெண் ஏதோ ஒரு பயிலரங்கில் கற்று வந்திருந்தார். மீதிப் பாதி மருந்து என்னவாகும் என்று கணக்கர் கேட்டார். அதற்கு விடை கிடைத்ததும் அவரும் திட்டத்தை ஆதரித்தார்.

"முதலிடம் பச்சை முயலுக்குத்தான்" என்று அறுவை நிபுணர் தொடங்கினார். பச்சை முயல் என்பது குழந்தைகள் தொலைக்காட்சியில் அறுபது ஆண்டுகளாகக் கேரட் திருடும் ஒரு சித்திரம்.

"டாக்டர், அது ஆளே இல்லையே" என்றார் விளம்பர அதிகாரி.

"அதனாலதான் சொல்றேன். வயசாகாது. வழக்குல மாட்டாது. கட்சி ஆரம்பிக்காது. இந்த மூணும் இல்லாத நாயகர் வேற யாரையாவது காட்டுங்க பாப்போம்."

"இடது காலை விட்டுட்டீங்களே" என்றார் கணக்கர். உலகக் கோப்பைப் பந்தாட்டத்தில் இடது காலால் மட்டுமே பதினொரு முறை பந்தை வலைக்குள் அடித்த வீரரை அவர் அப்படித்தான் அழைப்பார். "அந்தக் காலுக்காக ஒரு நாட்டுல ரெண்டு நாள் விடுமுறை விட்டாங்க. உங்க முயலுக்கு அரை நாள் விட்டாங்களா?"

"காலுக்கு ஓட்டுப் போடணும்னா எலும்புப் பிரிவுல போய்ப் போடுங்க."

கண்காணிப்பாளர் இரு கைகளையும் உயர்த்தினார். அவர் மூக்குக்குக் கீழே மெல்லிய கோடு போன்ற மீசை இருந்தது. கறுப்பு வெள்ளைப் படங்களில் தொப்பியைச் சுழற்றி எறிந்து, அது திரும்பித் தலையில் வந்து அமரும் வரை காதல் வசனம் பேசிய நடிகர் 'தொப்பி மன்னர்' வைத்திருந்த அதே மீசை. "நான் எந்தப் பக்கமும் பேச மாட்டேன். ஆனா தொப்பி மன்னரை யாரும் சொல்லலையேன்னுதான் யோசிக்கிறேன்" என்றார் நடுநிலையோடு.

"சார், ரெண்டாவது பொருள்..." என்றார் தலைமைச் செவிலியர்.

"முதல் பொருளே முடியலையே சிஸ்டர். எதுக்கும் ஒரு வரிசை வேணாமா?"

வரிசை வேண்டும் என்பதில் தலைமைச் செவிலியருக்கும் ஐயமில்லை. அவர் அடுத்த திங்கட்கிழமை வரை காத்திருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை அறிவியல் உள்ளே வந்தது. மனிதன் உண்மை பேசுவது மயக்கம் தெளியும் அந்த ஒரு நிமிடத்தில்தான் என்றும், அப்போது நாயகர்களின் படங்களைக் காட்டி முதலில் வாயில் வரும் பெயரைக் குறித்துக்கொண்டால் மறுக்க முடியாத தரவரிசை கிடைக்கும் என்றும் அறுவை நிபுணர் எடுத்துரைத்தார். குழு மெய்சிலிர்த்தது. இரண்டு வாரங்கள் ஆய்வு நடந்தது. முடிவுகளை விளம்பர அதிகாரி படித்தார்.

"முதலிடத்துல 'தண்ணி'. ரெண்டாவது 'அம்மா'. மூணாவது, 'எங்கடா என் பல்செட்டு'."

"தண்ணி நாயகர் ஆகுமா?" என்று கண்காணிப்பாளர் வினவினார்.

"ரசிகர்கள் நிறையப் பேர் இருக்காங்க சார். ஆனா படம் வரைஞ்சா தெரியாது."

ஆகவே தண்ணீர் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. அம்மா யாருடைய அம்மா என்று தெளிவாகாததால் அவரும் நீக்கப்பட்டார். பல்செட் ஒரு பொருள் என்பதால் அது தேடப்பட்டு, கிடைத்து, உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த ஆய்வால் விளைந்த ஒரே நன்மை அதுதான். இடங்களைக் குழு விவாதித்தே நிரப்பியது. தொப்பி மன்னருக்கு முதலிடம் ஒருமனதாக வழங்கப்பட்டது. அந்த ஒரு மனம் கண்காணிப்பாளருடையது. பின்னர் பாடகியர் இருவர், மேடையில் பின்பக்கமாக நடந்த ஆட்டக்காரர் ஒருவர் எனக் கைகலப்பின்றி ஒன்பது இடங்கள் நிரம்பின. பத்தாம் இடத்துக்கு மட்டும் முயலும் இடது காலும் முட்டிக்கொண்டு நின்றன.

தலைமைச் செவிலியருக்கு அப்போது ஒன்று விளங்கியது. இரண்டாம் பொருள் ஒருநாளும் வரப்போவதில்லை. முதற்பொருளுக்குள் மின்தூக்கியைக் கொண்டுபோய் வைத்தால்தான் உண்டு.

"சார், தொப்பி மன்னர் படத்தை எங்க மாட்டப் போறோம்?"

"வரவேற்பறையிலதான்."

"அங்க மத்த ஒம்போது பேரும் வருவாங்களே. முதலிடத்துக்குன்னு தனி இடம் வேணாமா? லிஃப்ட் கதவுல வரைஞ்சிட்டா, ஒவ்வொரு மாடியிலயும் காத்திருக்கிற எல்லாரும் அவர் முகத்தையேதான் பாத்துக்கிட்டு நிப்பாங்க."

கண்காணிப்பாளரின் கண் கலங்கியது. "சிஸ்டர், இத்தனை நாள் இதை ஏன் சொல்லல?"

"லிஃப்ட் ஓடலையே சார். ஓடாத லிஃப்ட்ல அவர வரைஞ்சா, அவர் காலம் முடிஞ்சு போச்சுன்னு நாலு பேர் பேசுவாங்களே."

அன்று மாலையே பழுது நீக்குபவர் வந்தார். உள்ளங்கை அளவுள்ள ஓர் உறுப்பை மாற்றிவிட்டுத் தேநீர் குடிக்காமலேயே போய்விட்டார். ஓவியர் வந்து ஒவ்வொரு தளத்துக் கதவிலும் தொப்பி மன்னரின் முகத்தை நெற்றி முதல் முகவாய் வரை நிறைத்து வரைந்தார். மீசை குறித்து ஓவியருக்கு எழுந்த ஐயங்களைக் கண்காணிப்பாளர் நேரில் நின்று தீர்த்துவைத்தார்.

திறப்பு நாளன்று தலைமைச் செவிலியர் ஓட்டுநரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி, பெட்டியை அவர் மடியில் வைத்து, நான்காம் தளத்துக் கதவின் முன் கொண்டுவந்து நிறுத்தினார். தரைத்தளத்தில் மனைவி காத்திருந்தார். குழுவினர் கைதட்ட, தலைமைச் செவிலியர் பொத்தானை அழுத்தினார்.

கதவு திறந்தது. தொப்பி மன்னரின் முகம் மூக்கின் நடுவே பிளந்து, ஒரு கண் இடப்பக்கச் சுவருக்குள்ளும் மறு கண் வலப்பக்கச் சுவருக்குள்ளும் சென்று மறைந்தது.

கைதட்டல் நின்றது. "சுத்தமான கீறல்" என்று அறுவை நிபுணர் மட்டும் பழக்கதோஷத்தால் முணுமுணுத்தார்.

"மூடுங்க. முதல்ல அதை மூடுங்க" என்றார் கண்காணிப்பாளர். அவர் கை தம் மீசைக்குப் போயிருந்தது.

"சார், இவரை ஏத்திக்கிட்டு மூடிடலாமே."

"நூத்துக்கணக்கானவங்க ஏறி இறங்குவாங்க சிஸ்டர். ஒவ்வொரு தடவையும் அவரைப் பிளக்கச் சொல்றீங்களா? முதலிடத்துக்கு நாம குடுக்கிற மரியாதை இதுதானா?"

கதவருகிலேயே அவசரக் கூட்டம் நடந்தது. நாற்காலியில் இருந்தபடியே ஓட்டுநர் அதைக் கவனித்தார். சிவப்பு விளக்கில் நின்று பழகியவராதலால் அவர் காத்திருந்தார். தொப்பி மன்னருக்குச் சமமானோருக்காக, அதாவது பத்துப் பேர் பட்டியலில் இடம்பெற்றோருக்காக மட்டுமே இக்கதவு திறக்கப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது. கூடவே விளம்பர அதிகாரி ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: "ஓடுற லிஃப்ட் இருக்கிற ஆஸ்பத்திரியில ஆளைப் படியில தூக்கிட்டுப் போனா பாக்க நல்லாருக்காது சார்." ஆகவே எடை எதுவாயினும் எந்த நோயாளியையும் படிக்கட்டில் சுமக்கலாகாது என்று பழைய சுற்றறிக்கை செம்மைப்படுத்தப்பட்டது.

அன்று மாலை ஜன்னல் வழியே மனைவியின் குரல் கைப்பேசியின் உதவியின்றியே நான்காம் தளத்துக்கு எட்டியது.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்துக்குத் தலைமைச் செவிலியர் ஒரு பெயரோடு வந்தார்.

"பத்தாம் இடத்துக்கு, கடைசி அறை ரயில் ஓட்டுநரை முன்மொழியிறேன்."

விளம்பர அதிகாரி கேட்டார்: "அவருக்கு ரசிகர்கள் இருக்காங்களா சிஸ்டர்?"

"முப்பத்தஞ்சு வருஷமா தினமும் ஆயிரக்கணக்கானவங்க மூச்சிரைக்க ஓடி வந்து அவர் பின்னாடி ஏறியிருக்காங்க. வரத் தாமதமானா அழுதவங்களும் உண்டு."

"குரல் வளம்?"

"ஊருக்கு வெளியில ஊதினா ஊருக்குள்ள கேக்கும்."

"அவருக்குன்னு ஒரு ஸ்டைல்?"

"சிவப்பைப் பாத்தா நிப்பார்."

"பஞ்ச் வசனம் இல்லாம நாயகரா?" என்று கணக்கர் இழுத்தார். ஓட்டுநரை அழைத்துவந்து கேட்டார்கள். அவர் சிறிது யோசித்தார்.

"வழியை விடுங்க, வண்டி கிளம்பணும்" என்றார்.

கண்காணிப்பாளர் அதை இருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்தார். அதில் ஏதோ ஆழம் இருப்பதாக அவருக்குப் பட்டது. முயல் வருவதைவிட யார் வந்தாலும் சரி என்று கணக்கரும், கால் வருவதைவிட யார் வந்தாலும் சரி என்று அறுவை நிபுணரும் கை தூக்கினர். ஓட்டுநர் உலகின் பத்தாவது மாபெரும் நாயகர் ஆனார்.

தொப்பி மன்னரின் முகம் பிளந்தபோது குழுவினர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டனர். நாற்காலி உள்ளே சென்றது. கீழே கதவு திறந்ததும் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க இவ்வளவு பெரிய ஆளுன்னு எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"எனக்கே இப்பத்தான் சொன்னாங்க. கிளம்பு, மனச மாத்திக்கப் போறாங்க."

கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்ட நிறைவில் தலைமைச் செவிலியர் அன்று நன்றாக உறங்கினார். மறுநாள் பணிக்கு வந்தபோதுதான், தாம் ஒருவரை இறக்கிய வழி இனி படி இறங்க முடியாத எல்லோருக்கும் ஒரே வழியாகிவிட்டதை அறிந்தார். வீட்டுக்குச் செல்ல எழுதிக்கொடுக்கப்பட்டவர்கள் நான்காம் தளத்தில் வரிசையாக அமர்ந்து, தத்தம் பஞ்ச் வசனங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தனர். இறங்கியவர் பத்தாம் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றும், அதனைத் திங்கட்கிழமைதோறும் குழு தகுதி பார்த்து நிரப்பும் என்றும் விதி வந்துவிட்டது. மின்தூக்கி நன்றாக ஓடுவதால் நிகழ்ச்சி நிரலின் இரண்டாம் பொருள் நீக்கப்பட்டது.

சென்ற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தலைமைச் செவிலியர் கண்காணிப்பாளரின் அறைக்குள் அனுமதி கேளாமல் நுழைந்தார். அவர் அப்படி நுழைந்தது அதுவே முதன்முறை.

"சார், கீழ ஒரு கொத்தனார் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கார். இதய அறுவை அறை மேல இருக்கு. கதவைத் திறக்கச் சொல்லுங்க."

"பட்டியல்ல இருக்காரா?"

"இல்ல சார்."

"முன்மொழிஞ்சிடுங்க. பதினொரு மணிக்குத்தானே கூட்டம்?"

"அதுவரைக்கும் தாங்க மாட்டார் சார்."

"இன்னைக்கு ஏற்கெனவே ஒரு தையல்காரர் இருக்கார் சிஸ்டர். ரெண்டு பேர்ல யார் பெரியவர்னு பாக்க வேணாமா? கொத்தனார் சாதனையை எழுதி வாங்கி வைங்க."

தலைமைச் செவிலியர் கீழே ஓடினார். கொத்தனாரைத் தாமே தோளில் தாங்கி முதற்படி ஏற முயன்றபோது, காவலர் சுற்றறிக்கையைக் காட்டி மிகுந்த மரியாதையுடன் தடுத்தார்.

பதினொரு மணிக்குக் குழு கூடியது. முடிவில் தீர்மானிக்கப்பட்டவை பின்வருமாறு: பத்தாம் இடம் தையல்காரருக்கு வழங்கப்படுகிறது. இந்த நகரத்தின் பாதி வீடுகளையும் இந்த மருத்துவமனையின் நான்கு மாடிகளையும் கட்டியதாகக் கூறப்படும் கொத்தனார், கூட்டம் தொடங்குமுன்னரே போட்டியிலிருந்து விலகிக்கொண்டமையால், அவர் தகுதி பரிசீலிக்கப்படவில்லை. அவரது பெருந்தன்மைக்குக் குழு நன்றி தெரிவிக்கிறது. பிணவறை தரைத்தளத்திலேயே அமைந்திருப்பதால், அவருக்கு மின்தூக்கி தேவைப்படவில்லை என்பதும் பதிவு செய்யப்படுகிறது.