சாவியைக் கழற்றிக்கொண்டு விற்ற வண்டி

கம்பெனியிலிருந்து வந்த எந்தப் பொருளையும் முழுமையான பொருள் என்று ஒத்துக்கொள்ளாத மனிதர் மதுரை மாவட்டத்தில் ஒருவர்தான். அவர் திருநகரில் எங்கள் எதிர் வீட்டில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். தெருவுக்கு அவர் ஃபிட்டிங் அண்ணன்.

வீடு மாற்றுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் ஏற்றிப்போகும் பிக்கப் வண்டி அவருடையது. வாங்கிய மறுவாரமே வேலையைத் தொடங்கிவிட்டார். சாமான்களோடு பின்னால் உட்கார்ந்து வந்த ஒரு பெரியவர் புழுக்கமாக இருக்கிறது என்று சொன்னதற்காக, தகரக் கூரை போட்டு, அதில் பேட்டரியில் ஓடும் சீலிங் ஃபேன் மாட்டினார்.

"ஓடுற வண்டில காத்துக்கு ஃபேன் எதுக்குண்ணே?" என்று கேட்டேன்.

"சிக்னல்ல நிக்கிறப்ப?"



அடுத்து, பின்னால் இருப்பவர் டிரைவரைக் கூப்பிட ஒரு காலிங் பெல். அழுத்தினால் குருவி கத்தும். சாமான் இறக்கியவர்கள் கைகழுவ, தண்ணீர்த் தொட்டியோடு ஒரு வாஷ்பேசின். பக்கத்துத் தெருவில் சலூன் ஒன்றை மூடியபோது, அங்கிருந்த சுழல் நாற்காலி டிரைவர் சீட் ஆனது. வண்டி வலப்பக்கம் திரும்பினால் அண்ணன் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திரும்புவார். எதிரே வருகிறவர்களுக்கு அவருடைய முதுகு தெரியும்.

சாலையில் ஓடத் தகுதி உண்டு என்று சான்று வாங்கும் எஃப்.சி. சோதனைக்கு முதல் நாள் மட்டும் எல்லாம் கழன்று வாசலில் கிடக்கும். வண்டி கம்பெனி கொடுத்த கோலத்தில் போய், சான்றோடு திரும்பி வரும். மறுநாள் எல்லாம் திரும்ப ஏறும். இடைப்பட்ட அந்த ஒரு நாள் அண்ணனுக்குக் காய்ச்சல் அடிக்கும். இதை நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன். நான்கு முறையும் காய்ச்சல் உண்மையானது.

பிறகு சர்க்கரை நோய் கண்ணில் இறங்கியது. வலக்கண் போய்விட்டது. இடக்கண்ணில் ஆள் நடமாட்டம் தெரியும், எழுத்து தெரியாது. டாக்டர் இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார். அண்ணனின் மனைவி பாண்டியம்மா அக்கா கெடு வைத்தார்.

"மாசக் கடைசிக்குள்ள ஆள் வரலைனா எடைக்குப் போட்ருவேன். வாசல்ல யானையக் கட்டிக்கிட்டு என்னால கோலம் போட முடியாது."

அன்று அண்ணன் என் மாடிக்கு ஏறி வந்தார். படியைக் காலால் தடவித் தடவித்தான் வந்தார்.

"எடைக்குப் போனா வெட்டிருவாய்ங்க தம்பி. அது ஓடணும். எவன் கையிலயாச்சும் ஓடணும். நீங்க பேப்பர்ல இருக்கீக, ஒரு விளம்பரம் எழுதுங்க."

எழுதிப் படித்துக் காட்டினேன்: 'பிக்கப் வண்டி விற்பனைக்கு. ஒரே உரிமையாளர். நல்ல நிலை.'

"நல்ல நிலைனா என்னா தம்பி? மூணாவது கியர் காலைல விழாது. பதினோரு மணிக்கு மேலதான் விழும். அத எழுதுங்க."

"அத எழுதினா யாருண்ணே வாங்குவா?"

"பொண்ணு பாக்க வாரவன்ட்ட ஒண்ணு ரெண்ட மறைக்கலாம். வண்டி பாக்க வாரவன்ட்ட மறைக்கலாமா? நடுரோட்ல நின்னு என்னையத்தான வைவான்!"

மூன்று வரி விளம்பரம் இரண்டு பக்கம் ஆனது. வண்டியின் குறைகள் மட்டும் ஒன்றரைப் பக்கம். அதை அப்படியே இணையத்தில் ஏற்றினேன்.

முதலில் டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒரு காய்கறி வியாபாரி வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அண்ணே, இது வண்டியா, வாடகை வீடா?"

"ரெண்டுந்தான். அட்வான்ஸ் வேணாம்."

வியாபாரி சிரித்துக்கொண்டே, ஃபேனையும் பேசினையும் கழற்றிவிட்டால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அண்ணன் அவருக்கு மோர் கொடுத்து, பஸ் ஸ்டாப்புக்கு வழி சொல்லி அனுப்பினார்.

அடுத்து வந்தவர் ஒரு ஓட்டல்காரர். எதையும் கழற்ற வேண்டாம், அப்படியே வேண்டும் என்றார். அண்ணன் முகம் மலர்ந்தது.

"எந்த ரூட்ல ஓட்டுவீக?"

"ஓட்டலண்ணே. கடை வாசல்ல நிப்பாட்டி வைப்பேன். பிள்ளைக வந்து போட்டோ எடுக்கும்."

அவருக்கு மோர்கூடக் கிடைக்கவில்லை.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் திருவாதவூரிலிருந்து பஞ்சவர்ணம் என்ற பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஆடு வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர், லைசென்ஸ் உள்ளவர். கையில் ஒரு மஞ்சள் பை. வண்டியைச் சந்தையில் மாடு பார்ப்பதுபோல் பார்த்தார். முதலில் தள்ளி நின்று, அது நிற்கும் நிலை. பிறகு பின்பக்கம். பிறகு பக்கவாட்டில் ஒரு தட்டு.

"இந்த ஃபேனு எதுக்குண்ணே?"

"புழுக்கத்துக்கு."

"நல்லதாப் போச்சு. வெயில்ல நாலு ஆடு நொந்துருது. பேசினு?"

"கைகழுவ."

"ஆட்டுக்குத் தண்ணி காட்டிக்கிறலாம்."

அண்ணன் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். இருந்தாலும் நேர்மையை விடவில்லை. "தங்கச்சி, ஒண்ணு சொல்லிர்றேன். மூணாவது கியர் பதினோரு மணிக்கு மேலதான் விழும்."

"எங்க வீட்டுக்காரரும் அப்பிடித்தாண்ணே. பதினோரு மணி வரைக்கும் வாயவே தொறக்க மாட்டாரு. இருபது வருசமா ஓட்டலையா?"

விலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அண்ணன் சாவியை நீட்டினார். பஞ்சவர்ணம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சாவி உங்களுதுண்ணே."

"சாவி இல்லாம எப்பிடி ஓட்டுவ?"

"மாட்ட வித்தா கயித்தக் கழட்டி வச்சுக்கிறது இல்லையா? கயித்தோட குடுத்தா உங்க வீட்டு லச்சுமி கெளம்பி எங்கூட வந்துரும். எனக்கு எதுக்கு அந்தப் பாவம்? புதுக் கயிறு கொண்டாந்திருக்கேன்."

மஞ்சள் பையிலிருந்து உண்மையிலேயே ஒரு புதுக் கயிறு வந்தது.

"இது மாடில்லத்தா, வண்டி," என்றார் அண்ணன். அதுவரை வண்டியை யானை என்று சொல்லிவந்த பாண்டியம்மா அக்கா சட்டென்று கட்சி மாறினார். "அவ சொல்றதுதான் மொற. கயித்தக் குடுக்கக் கூடாது. சாவிய உள்ள கொண்டுபோய் வைங்க."

இந்தச் சட்டச் சிக்கலைத் தீர்க்க, திருப்பரங்குன்றத்திலிருந்து சாவி செய்கிறவரை வரவழைத்தோம். அவர் அடித்த முதல் சாவி கதவைத் திறந்தது, எஞ்சினைத் தொடவில்லை. இரண்டாவது எஞ்சினை எழுப்பியது, கதவைத் திறக்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொள்வதாகப் பஞ்சவர்ணம் சொல்லிவிட்டார். பிறகு கயிற்றை முன் பம்பரில் கட்டி, அண்ணனைக் கிழக்கே பார்த்து நிற்கவைத்து, அவர் கையிலிருந்து நுனியை வாங்கிக்கொண்டார். ஒன்றரை டன் எடையுள்ள வண்டி ஒன்று கயிற்றால் கைமாறியதற்கு நான் சாட்சி.

அதன்பின் மதுரைப் பக்கம் வரும்போதெல்லாம் பஞ்சவர்ணம் எங்கள் தெருவில் வண்டியை நிறுத்துவார். அண்ணன் வாசலுக்கு வந்து பானெட்டிலிருந்து பின்கதவு வரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். ஆடுகள் அவர் சட்டையை முகர்ந்து பார்க்கும். கடைசியில் ஒரே கேள்விதான்.

"எம்புட்டு ஓடியிருக்கு?"

பஞ்சவர்ணம் தலையை உள்ளே விட்டு, கிலோமீட்டர் கணக்கைச் சத்தமாகப் படிப்பார். அண்ணன் போன தடவைக் கணக்கை மனத்துக்குள் கழித்துப் பார்த்துத் தலையாட்டுவார்.

போன ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. சந்தைகள் கூடவில்லை. வண்டி பெரும்பாலும் கொட்டகையில்தான் நின்றது என்று பஞ்சவர்ணமே போனில் என்னிடம் சொல்லியிருந்தார். மழை விட்டு அவர் வந்த அன்று நானும் வண்டியருகே நின்றிருந்தேன். அண்ணன் வழக்கம்போலக் கேட்டார். பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்து ஓர் எண்ணைப் படித்தார். அவர் தோளுக்கு மேலாக நானும் மீட்டரைப் பார்த்தேன். அவர் சொன்னது அதில் இருந்ததைவிட இரண்டாயிரம் கிலோமீட்டர் கூடுதல்.

"மழையிலயும் நிக்கலையா!" என்றார் அண்ணன். "என்ன தம்பி, சரியாத்தான படிக்கிறா?"

பேப்பர் ஆபீசில் அடுத்தவர் எழுதிய எண்களைத் திருத்தியே சம்பளம் வாங்குகிறவன் நான்.

"சரிதாண்ணே," என்றேன்.