நான் கொன்றவர் டிராக்டரில் வந்தார்

பாப்கார்ன் வாசனையோடு ஊதுபத்திப் புகை கலந்தால் போதும், இன்றும் எனக்குக் காது சிவந்துவிடும். மைசூரில் அந்தப் பழைய தியேட்டரில் படம் தொடங்குமுன் திரைக்கு ஊதுபத்தி காட்டுவார்கள். அன்று எனக்கும் சேர்த்துக் காட்டியிருக்கலாம்.

அப்போது நான் இளங்கவிஞன். (அதாவது, வேலை சுமார்.) ஒரு கன்னடப் படத்தை, “மழையில் நனைந்தும் எரிந்த தீக்குச்சி” என்று உருகி ஒரு சிற்றிதழில் எழுதியிருந்தேன். கூடவே, “இரண்டாம் பாகம் என்பது முதல் பாகத்தின் எச்சில் இலை” என்று ஒரு தீர்ப்பு. சின்னக் குறை ஒன்றுதான்: படத்தை நான் பார்க்கவில்லை. போஸ்டரைப் பார்த்தே எழுதிவிட்டேன்.

மகனின் மேதைமைக்குச் சான்றாக, அம்மா அதை எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். பெண்ணின் அப்பா தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரர், மைசூரில் விதைக்கடை. சம்மதம் சொல்வதற்கு முன், அப்போதுதான் வந்திருந்த அதன் இரண்டாம் பாகத்துக்கு மூன்று டிக்கெட் எடுத்தார்.

“நான் மொதப் பாகம் பாக்கலீங் தம்பி. நீங்கதான் கரைச்சுக் குடிச்சிருக்கீங்களே, பக்கத்துல உக்காந்து கதையைச் சொல்லுங்க.”

தெரியாது என்றால் பெண் போச்சு. சொன்னேன். போஸ்டரில் தாடியோடு நின்ற பெரியவரை நாயகனின் அப்பாவாக்கி, காவிரி வெள்ளத்தில் விட்டேன். பக்கத்தில் நின்றவளை நாயகனின் சின்னம்மா என்று சொல்லி வில்லியாக்கினேன்.

“பாவமுங்க அந்தப் பெரியவரு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இடைவேளைக்கு முன் அந்தப் பெரியவர், அதே தாடியோடு, டிராக்டரில் வந்து இறங்கினார். “அப்பா!” என்று நாயகன் ஓடினான். தியேட்டரே விசிலடித்தது.

“ஏனுங் தம்பி, வெள்ளத்துல போனாருன்னீங்க?”

“நீந்தி... வந்திருப்பாருங்க.”

முன்வரிசைக்காரர் திரும்பி, “ஸார், சும்னிரி!” என்றார். (வாயை மூடு என்பதன் மரியாதையான கன்னடம்.) தன் அப்பாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண், துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். முதல் பாகத்தை அவள் மூன்று முறை பார்த்தவளாம்.

என் வில்லிச் சின்னம்மா வந்து நாயகனுக்குக் களி உருண்டை ஊட்டினாள்.

“இதுல வெஷமிருக்குமுங்களா?” என்றார் அவர்.

அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. திறக்காததால், முதன்முறையாக ஒரு படத்தைப் பார்த்தேன். என்ன சுகம்! முதல் பாகம் பெண் பார்க்கும் சடங்கு மாதிரி. எல்லோரும் பவுடர் பூசிக்கொண்டு நல்லவர்களாக உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாம் பாகத்தில் பவுடர் கலைந்துவிடும். அறிமுகமே இல்லாமல் நேராகச் சண்டை போடலாம், சிரிக்கலாம். என் எச்சில் இலையை நானே விரித்து, வழித்துச் சாப்பிட்டேன்.

இன்றும் சொந்தத்தில் யாராவது இறந்ததாக நான் ஃபோனில் சொன்னால், “நேர்ல பாத்தீங்களா, போஸ்டர்லயா?” என்றுதான் கேட்கிறார்கள்.

அன்று தியேட்டர் வாசலில், எல்லாம் முடிந்தது என்றே நின்றேன். மகள் பின்னால் ஏறியதும் அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். கிளப்பியவர், என் பக்கம் திரும்பினார்.

“வர்ற ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்துருங்க மாப்ள. மொதப் பாகத்த டீவில போட்டுவுடறேன். நீங்களும் ஒருக்கா பாத்தாப்ல இருக்கும்.”